வெடிக்காத வேட்டு

தீபாவளி கழிந்து மூன்று நாளாகியும் நம் வீட்டில் ஒரு வழக்குத் தீராமல் இருந்தது. வாதி நம் பேரன், வயது 10. பிரதிவாதி கடைத்தெருவில் வாங்கிய ஒரு தகரத் துப்பாக்கி. பொட்டு வெடிச் சுருளை உள்ளே வைத்து இழுத்தால் நாலுக்கு ஒன்றுதான் வெடிக்கிறது. மற்ற மூன்றும் 'டிக்' என்ற சப்தத்தோடு சரி. பொட்டு நமுத்துப் போயிருக்கும் என்றாள் அவன் பாட்டி. துப்பாக்கியே மட்டச் சரக்கு என்றான் தகப்பன். தீர விசாரித்ததில்தான் உண்மை வெளிவந்தது. இழுப்பதற்குக் கடினமாயிருக்கிறது, விரல் நோகிறது என்று பக்கத்து வீட்டுப் பையனின் உதவியோடு வாதியே பிரதிவாதியின் வயிற்றைப் பிளந்து, உள்ளேயிருந்த கம்பிச் சுருளில் இரண்டு சுற்றை நறுக்கி எறிந்திருக்கிறார்!

வாசகர்கள் சிரிக்க வேண்டாம். இதே வழக்கு அமெரிக்காவில் தலை நரைத்த பெரியவர்களிடையே வெகு காலமாக நடந்து வருகிறது. அவர்களுடைய பொட்டு, பித்தளைத் தோட்டாவின் அடியில் பதித்த பிரைமர். அவர்களுடைய தகரத் துப்பாக்கி, நூற்றுக் கணக்கான டாலர் பெறுமான ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர். நறுக்கப்படுவதும் தளர்த்தப்படுவதும் அதே வில்தான்.

விஷயத்துக்குள் புகுமுன் பெயர்களைத் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. சுடுபவர் ஆள்காட்டி விரலால் இழுப்பது விசை. பின்புறத்தில் தலை தூக்கி நின்று, விழுந்து அடிப்பது சுத்தி. நம்மவர்கள் இரண்டையும் 'குதிரை' என்று ஒரே பெயரால் அழைத்து விடுவதால், எந்தக் குதிரை எந்தக் குதிரையைத் தட்டிற்று என்று தெரியாமல் போகிறது. ரிவால்வரில் இரண்டு விதமாகச் சுடலாம். சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு விசையை மெல்லத் தொடுவது ஒரு விதம்; இதற்கு விரலில் அதிக பலம் வேண்டியதில்லை, ஆனால் நேரம் பிடிக்கும். விசையை ஒரே இழுப்பாக இழுத்து, அந்த ஓர் இழுப்பிலேயே உருளை சுழன்று அடுத்த தோட்டா எதிரே வந்து, சுத்தியும் எழுந்து விழும்படி செய்வது மற்றொன்று. இதை 'டபிள் ஆக்‌ஷன்' என்கிறார்கள். வேகப் பந்தயங்களுக்கு இதுதான் உகந்தது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் ரிவால்வரில் இந்த இழுப்புக்கு ஏறக்குறைய 12 ராத்தல் பலம் தேவை. ரிவால்வரின் நிறையோ இரண்டு, இரண்டரை ராத்தல். இரண்டரை ராத்தல் பொருளை ஒரு நூல் அசையாமல் பிடித்துக் கொண்டு அதன் மேல் 12 ராத்தல் பலத்தைப் பிரயோகிப்பது எப்படி என்பதுதான் இந்தக் கலையின் ஆதாரமான சங்கடம்.

மனிதர் இதையும் வென்றிருக்கிறார்கள். மான்டனா மாகாணத்து எட் மக்கிவர்ன் 1932-ஆம் வருஷத்தில் ஒரு விநாடியின் 100 பாகத்தில் 45 பாகத்துக்குள் 5 வேட்டு தீர்த்துக் காட்டினார். லூயிஸியானாவைச் சேர்ந்த ஜெர்ரி மிக்குலெக் 1999-ல் 8 வேட்டை ஒரே விநாடியில் சுட்டார். அதே நாளில் 6 வேட்டு சுட்டு, காலிக் கூடுகளை உதிர்த்து, மறுபடி நிரப்பி, இன்னும் 6 வேட்டு சுட அவருக்குப் பிடித்தது 2.99 விநாடி. நாம் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக் கொள்வதற்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது.

மக்கிவர்ன்களும் மிக்குலெக்குகளும் ஊருக்கு ஒருவர் கூடக் கிடையாது. மற்றவர்கள் செய்வது வில்லைத் தளர்த்துவது. அதற்கு அவர்களைத் தூண்டும் ஆசை எவ்வளவு பெரியது என்பதைப் புரிந்து கொள்ள ஒரு பந்தயத்தைச் சொல்லுகிறோம். 1979-ல் மிஸ்ஸௌரி மாகாணத்துக் கொலம்பியாவில் தொடங்கிய பியாங்கி கோப்பைப் பந்தயத்தில் மொத்தம் 192 வேட்டு. ஒன்றுக்கு 10 புள்ளி வீதம் 1920 புள்ளி. அதில் ஒரு பகுதி இரும்புத் தட்டுகளைச் சாய்ப்பது. 8 அங்குல அகலமுள்ள 6 வட்டத் தட்டுகள் வரிசையாக நிற்கும். 10 கஜ தூரத்திலிருந்து 6 விநாடி, 15 கஜத்திலிருந்து 7, 20-க்கு 8, 25-க்கு 9 விநாடி. சங்கேதம் கிடைத்ததும் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து ஆறு தட்டையும் வீழ்த்த வேண்டும். ஆறு அறை ரிவால்வரில் தோட்டா ஆறு, எதிரே தட்டும் ஆறு. தட்டுக்கு ஒன்றாக எண்ணி வைத்த பந்திச் சாப்பாடு. மறு பரிமாறல் இல்லை.

இந்த இடத்தில் மூன்றாவது தட்டைக் குறி பார்த்து இழுக்கும்போது 'டிக்' என்று கேட்டால் என்ன ஆகும்? ரிவால்வருக்கு ஒரு நற்குணம் உண்டு. மறுபடி இழுத்தால் வெடிக்காத தோட்டா நகர்ந்து போய் அடுத்த தோட்டா வந்து விடும். ஆகையால் தேர்ந்தவர் கலங்காமல் மேலே சுட்டுக் கொண்டு போவார். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு தட்டு நின்று கொண்டே இருக்கும். நேரம் மீதியிருந்தால் மேலும் இழுத்துக் கொண்டு போய் ஒன்பதாவது தடவை இழுப்பார். உருளை ஒரு சுற்றுச் சுற்றி, அதே அசட்டுத் தோட்டா மறுபடி சுத்திக்கு எதிரே வரும். பல சமயங்களில் இந்த இரண்டாவது அடிக்கு அது மரியாதையாக வெடித்து விடுகிறது! முதல் அடிக்கு வெடிக்காதது இரண்டாவது அடிக்கு ஏன் வெடிக்கிறது? அதன் விடையில்தான் தோட்டா தயாரிக்கும் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறோம்.

முதலில் வில். ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் பெரிய ரிவால்வர்களில் கைப்பிடிக்குள் வளைந்து நிற்கும் ஒரு பட்டை வில்தான் சுத்திக்குப் பலம். கைப்பிடியின் முன்புறம் கீழே உள்ள ஒரு திருகாணி அந்த வில்லை அழுத்திக் கொண்டிருக்கும். அந்தத் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தினால் விசை உடனே வெண்ணெயாகி விடும். அவசரக்காரர் செய்வது அதுதான். நம் பேரனுக்கு அண்ணன்மார். சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியில் அத்திருகாணி தானாகவே மேலும் தளர்ந்து கொண்டு போகும். காலையில் வெடித்த துப்பாக்கி மாலையில் வெடிக்காது. காரணம் தெரியாமல் தோட்டாவைத் திட்டுவார்கள். விஷயம் தெரிந்த கம்மியரோ, முதலில் உள்ளே உராயும் பாகங்களை மெருகேற்றி வழவழப்பாக்குவார். அப்படியும் போதாவிட்டால்தான் வில்லில் கை வைப்பார். வைத்த பிறகு திருகாணி முழுவதும் முறுகியிருக்கும்படி பொருத்துவார். இவ்விதம் 12 ராத்தலை எட்டாக்கலாம், ஏழாக்கலாம். பந்தயப் பித்து முற்றியவர்கள் ஆறுக்கும் இறங்குகிறார்கள். ஆனால் குறைத்த ராத்தல் எங்கே போகிறது? சுத்தியின் அடியிலிருந்துதான் போகிறது. விரலுக்குக் கிடைத்த சுகம் பிரைமரின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது.

பிரைமர் என்பது என்ன? இதன் பூர்வோத்தரம் ஒரு பாதிரியாரிடமிருந்து தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் கிராமத்தின் பாதிரி அலெக்ஸாண்டர் ஜான் ஃபோர்ஸைத்துக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் தவிர நீர்ப்பறவை வேட்டையிலும் ருசி உண்டு. அக்காலத்துச் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் முதலில் வெளியே ஒரு பளிச்சொளி, பிறகுதான் வேட்டு. அந்த ஒளியைக் கண்டு பறவைகள் தப்பி விடுகின்றன என்பது பாதிரியாரின் மனக்குறை. அடித்தால் வெடிக்கும் இரசாயன உப்பை வைத்து மருந்தைப் பற்ற வைக்கும் முறையை ஆராய்ந்து, 1807-ல் உரிமைப் பட்டயம் பெற்றார். பறவைகளுக்குப் போதாத காலம், மனிதர்களுக்கும்தான்.

இன்றைய பிரைமர் அதன் பேரன். சிறு ரிவால்வர் பிரைமரின் குறுக்களவு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 175 பாகம், பருப்பளவுதான். மெல்லிய உலோகக் கிண்ணம். அதனுள் ஈயச் சேர்மானமான வெடி உப்பு ஒரு துளி. அதற்கு மேல் கால்கள் உள்ள ஒரு சிறு உலோகத் துண்டு, அதுதான் பட்டடை. சுத்தியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் குத்தும்போது உப்பு ஊசிக்கும் பட்டடைக்கும் நடுவில் நசுங்குகிறது. நசுங்கினால் தீ, இல்லாவிட்டால் 'டிக்'. பட்டடையைப் பிரைமருக்குள்ளேயே வைத்தவர் உல்விச் தொழிற்சாலையின் ஆங்கில அதிகாரி எட்வர்டு பாக்ஸர். தோட்டாக் கூட்டின் அடியில் வைத்தவர் அமெரிக்கப் படைத்தலைவர் ஹைரம் பெர்டன். இருவரும் 1866-ல் பட்டயம் பெற்றவர்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் கண்டது அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கர் கண்டது ஐரோப்பாவுக்குக் குடியேறியது. பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடு மத்தியில் ஒரே துவாரம் இருப்பதால் ஒரு கம்பியை விட்டுத் தள்ளினால் பழைய பிரைமர் கழன்று விழுந்து விடும். அந்த ஒரே காரணத்தால்தான் அமெரிக்கர், சுட்ட கூட்டை எறியாமல் வீட்டிலேயே மறுபடி நிரப்பும் கைத்தொழில் சாத்தியமாயிற்று. கூட்டை அச்சில் விட்டுப் பழைய அளவுக்குச் சுருக்குவது, புதுப் பிரைமரைப் பதிப்பது, மருந்து அளந்து இடுவது, குண்டை வைத்து வாயை மடக்குவது, வேலை இவ்வளவுதான். மேஜையில் பொருத்திய ஒரு கை யந்திரம் போதும். சிக்கனம் பாதி, பித்து பாதி.

தளர்ந்த வில்லுக்கு ஏற்ற பிரைமர் எது என்பதில் அவர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த அபிப்பிராயம் உண்டு. மினஸோட்டா மாகாணத்து ஃபெடரல் கம்பெனியாரின் பிரைமர் மெல்லடிக்கும் பற்றிக் கொள்வது என்று பெயர் பெற்றது. ஐடஹோ மாகாணத்து ஸி.ஸி.ஐ. பிரைமர் நல்ல சரக்கேயானாலும் ஓங்கின அடி கேட்கும். ஆகையால் வில்லை மிகவும் தளர்த்தியவர் ஒரே கம்பெனிக்கு அடிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தவர் ஆகிறார். 2020-ல் கொள்ளை நோய் பரவி, அமெரிக்கக் கடைகளில் எந்தப் பிரைமரும் அகப்படாமல், அகப்பட்டாலும் விலை பன்மடங்கு ஏறிய காலத்தில் இந்தச் சீட்டின் வட்டி தெரிய வந்தது. கிடைத்ததை வாங்கிச் சுட வேண்டுமென்றால் பழைய வில்லைத் தேடி எடுத்து மாட்டுவதைத் தவிர வழி இல்லை.

இப்போது அந்த இரண்டாவது அடியின் சூட்சுமத்துக்கு வருவோம். பிரைமரைக் குழியில் பதிக்கும்போது அது அடி வரையில் போய், பட்டடையின் கால்கள் குழியின் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். ஊன்றிய பிறகும் மிகச் சிறிதளவு அழுத்தினால் உப்பு பட்டடையின் மேல் முன்கூட்டியே இறுகி, மெல்லிய அடிக்கும் தயாராய் இருக்கும். அப்படிப் பதிந்த பிரைமர் கூட்டின் அடிப்பரப்புக்கு ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பாகம் அங்குலம் உள்வாங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்குத் தெரியும். அடி வரையில் போகாமல் பாதியில் நின்ற பிரைமர் மேலே புடைத்திருக்கும். அதன் மேல் சுத்தி விழுந்தால், அடியின் பலமெல்லாம் உப்பை நசுக்குவதில் செலவாகாமல் பிரைமரைக் குழிக்குள் தள்ளுவதிலேயே தீர்ந்து போகும். வீட்டில் செய்து முடிக்காத வேலையைச் சுத்தி செய்து முடிக்கிறது! இரண்டாவது அடி விழும்போது பிரைமர் ஸ்திரமாக ஊன்றி நிற்கிறது, வெடித்து விடுகிறது. பலமான வில் உள்ள துப்பாக்கி இந்தக் குறையை மன்னித்து, முதல் அடியிலேயே இரண்டு வேலையையும் பார்த்து விடும். தளர்ந்த வில் எதையும் மன்னிப்பதில்லை.

ஆகையால்தான் கருத்துள்ளவர்கள் பழைய கூட்டின் குழியில் படிந்த கரியைச் சுரண்டி எடுக்கிறார்கள். கரி மேல் உட்கார்ந்த பிரைமர் தரையைத் தொடாது. யந்திரத்தின் போக்கில் விட்டுவிடாமல், பிரைமரை மட்டும் தனிக் கைக்கருவியால் கட்டைவிரல் உணரும்படி அழுத்துகிறார்கள். ஒவ்வொரு தோட்டாவையும் முடித்த பின் அடியில் விரலை ஓட்டிப் பார்க்கிறார்கள். தட்டான் நகைக்கு மெருகு பார்ப்பது போல. கையில் எண்ணெய்ப் பசை கூடாது. எண்ணெய் பட்ட பிரைமர் ஊமையாகலாம். வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்; பிரைமரில் இருப்பது ஈயம். அந்த மேஜையில் காபியும் பலகாரமும் வைக்கலாகாது, குழந்தைகளை அருகில் விடலாகாது என்பதையெல்லாம் நம் குடும்ப வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

வெடிக்காத தோட்டாவால் தோற்பது பந்தயம். மருந்து அளவில் தவறினால் போவது விரல், சில சமயம் கண். மருந்தை அவர்கள் கிரெயின் என்னும் நிறையால் அளக்கிறார்கள். 7000 கிரெயின் ஒரு ராத்தல். நம் பொற்கொல்லரின் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. .38 ஸ்பெஷல் என்னும் பிரபல ரிவால்வர்த் தோட்டாவின் கூடு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கரிமருந்துக்காகச் சமைக்கப்பட்டது. இப்போது அதில் இடுவது புகையற்ற மருந்து. சில கிரெயினே போதும். பெரிய அண்டாவில் ஆழாக்கு அரிசி போட்டது போல அடியில் கிடக்கும். இதனால் விளையும் ஆபத்து, தவறி இரண்டு தடவை மருந்து விழுந்தாலும் கூடு பொங்கி வழிந்து காட்டிக் கொடுக்காது. பேச்சுக் கொடுத்துக் கொண்டே வேலை செய்தவன் இரட்டை அளவுக்கு மேல் குண்டை வைத்து மூடி விடுவான். சுடும்போது உருளை பிளக்கும்.

இதற்கு எதிரான தவறும் அதே அளவு பொல்லாதது. மருந்தே விழாத தோட்டாவில் பிரைமரின் பலம் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவே கொண்டு போய் அடைத்து விடும். 'பொத்' என்று ஒரு மந்தமான சப்தம். பந்தய வேகத்தில் அதைக் கவனியாமல் அடுத்த வேட்டைச் சுட்டால், அடைபட்ட குழலில் இரண்டாவது குண்டு மோதும். அப்புறம் கதை இல்லை. தேர்ந்தவர்கள் 50 கூடுகளை ஒரு மரப் பலகையின் குழிகளில் நிறுத்தி, மருந்து இட்டபின், குண்டை வைப்பதற்கு முன், விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றினுள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். ஐம்பதிலும் மருந்து ஒரே மட்டமாகத் தெரிய வேண்டும். இந்த எட்டிப் பார்த்தலை விட்டுவிட்டு வேறு எந்த நுட்பத்தில் சிரத்தை காட்டினாலும் அவனோடு ஒரே வரிசையில் நின்று சுட நாம் சம்மதிக்க மாட்டோம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருந்துக் கம்பெனியார் அச்சிட்ட அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டுமேயன்றி நண்பர் வாய்மொழியிலிருந்து எடுக்கலாகாது.

குண்டைப் பிடிக்கும்படி கூட்டின் வாயை நன்றாக மடக்கவும் வேண்டும். இல்லாவிடில் ஒரு தோட்டா வெடிக்கும் அதிர்ச்சியில் பக்கத்து அறைகளிலுள்ள குண்டுகள் மெல்ல முன்னே நகர்ந்து, உருளையின் முகத்துக்கு வெளியே தலை நீட்டி, சுழலவிடாமல் பூட்டி விடும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

செய்து முடித்த தோட்டாவை எப்படிப் பரீட்சிப்பது? இங்கேதான் பலர் தம்மைத் தாமே ஏமாற்றிக் கொள்கிறார்கள். சுத்தியைக் கட்டைவிரலால் முழுவதும் பின்னுக்கு இழுத்துவிட்டுச் சுட்டுப் பார்த்து, எல்லாம் வெடிக்கிறது என்று மகிழ்கிறார்கள். அப்படி இழுக்கும்போது சுத்தி அதிக தூரம் பின்னே போய் அதிக பலத்தோடு விழுகிறது. ஒரே இழுப்பில் சுடும்போது அது சற்று முன்னதாகவே விடுபட்டு விழுவதால் அடி குறையும். பந்தயத்தில் எப்படிச் சுடுவோமோ அப்படியே, ஒரே இழுப்பில், நூற்றுக் கணக்கில் சுட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். வெடிக்காத தோட்டா ஒன்று தட்டுப்பட்டால் குழலைக் குறிப்பலகைக்கு நேராகவே பிடித்து அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிப்பதும் உண்டு. ஆனால் மேலே சொன்ன ஒன்பதாவது இழுப்பு? பந்தய வேகத்தில் அந்த அரை நிமிஷத்துக்கு இடமில்லை என்பது உண்மையே. அது நமக்கு என்றுமே பிடிக்காத வழக்கம். குழல் எப்போதும் தட்டுகளை நோக்கியே இருக்கிறது என்ற ஒரு சமாதானத்தோடு அவர்கள் செய்கிறார்கள்.

வீட்டுக் காவலுக்கென்று அலமாரியில் ரிவால்வர் வைத்திருப்பவரும் அமெரிக்காவில் அநேகர். பந்தயக்காரரின் விசையைத் தொட்டுப் பார்த்துச் சபலப்பட்டு, தம் துப்பாக்கியையும் அப்படியே ஆக்கித் தரும்படி இவர்களும் கம்மியரிடம் போகிறார்கள். பந்தயக்காரருக்கு ஒரு 'டிக்' நேர்ந்தால் 10 புள்ளி நஷ்டம். சாயங்காலம் மனைவியிடம் சொல்லிக் குறைப்பட்டுக் கொள்ளலாம். மற்றவருக்கு அந்தச் சாயங்காலம் வாய்க்குமோ என்னவோ. நல்ல கம்மியர் பலர் இவர்களுக்கு மெருகேற்றிக் கொடுத்து, வில்லைத் தொடாமல் திருப்பி அனுப்புகிறார்கள் என்றால் அது கூலி ஆசை இல்லாததால் அல்ல.

நம் நாட்டு வாசகருக்கு இதெல்லாம் வேடிக்கையாகத் தெரிந்து கொள்ள வேண்டிய செய்தியே. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதும் வைத்திருப்பதும் குற்றம்.

பேரனின் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நறுக்கிய கம்பிச் சுருளுக்குப் பதில் பழைய பேனாவிலிருந்து ஒரு சுருளை எடுத்து மாட்டிப் பார்த்தோம். நாலுக்கு இரண்டு வெடித்தது. மேற்கொண்டு பரிசோதனை நடத்த நாம் கண்ணாடியைத் தேடிக் கொண்டிருக்கையில், கொல்லைப்புறத்திலிருந்து இடைவிடாமல் வேட்டுச் சப்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். வாதி துணி துவைக்கும் கல்லின் மேல் பொட்டுச் சுருளை விரித்து வைத்துக் குழவிக் கல்லால் அடித்துக் கொண்டிருந்தார். ஒன்று கூடத் தவறவில்லை.